எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி பேக் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போது எந்த பேக்கும் நல்ல பேக்தான். திரும்பி ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். பாதி மேட்டில் டிஸ்பிளே அணைந்துவிடும். ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்து ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அடுத்த மேட்டில் மறுபடியும் அதே கதை.

இப்படி நின்றதும் முதலில் திட்டு வாங்குவது பி.எம்.எஸ். போர்டு, அதாவது பேக்குக்குள் செல்களைக் கண்காணித்து ஆபத்தென்றால் மின்சாரத்தை வெட்டும் பலகை. "போர்டு போயிடுச்சு" என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார்கள். நான்கு நாளில் அதே மேட்டில் வண்டி நிற்கும். பி.எம்.எஸ். பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது: உள்ளே ஏதோ ஒரு செல் குழு சரியில்லை. எந்தக் குழு என்று அளந்து எழுதாமல் எதையும் கழற்ற வேண்டாம், மாற்ற வேண்டாம். போர்டைத் தாண்டி நேராக ஒயர் இழுத்து ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பலவீனமான குழு அப்போது இரண்டு வோல்டுக்கும் கீழே போகும். பிறகு அதைச் சார்ஜ் போடுவதே ஆபத்து.

கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே பேக்கை வைத்து: 18650 என்ற அளவு உருளைச் செல், 2600 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் அவர்), 10எஸ் 4பி. நான்கு செல் பேரலலாகச் சேர்ந்தது ஒரு குழு, பத்துக் குழு சீரிஸில், மொத்தம் 40 செல். பெயரளவில் 36 வோல்ட், முழுச் சார்ஜில் 42.0 வோல்ட், கொள்ளளவு 10.4 ஆம்பியர் அவர். மோட்டார் 250 வாட், மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர், பி.எம்.எஸ். 20 ஆம்பியர். 13எஸ் பேக் என்றால் முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் என்றால் ஒரு குழுவுக்கு 3.65 வோல்ட் உச்சம். எண்கள் மாறும், தேடும் வழி மாறாது.

திறப்பதற்கு முன்

முதலில் மோந்து பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 18650 செல் எஃகுக் குப்பி, பை வடிவப் பவுச் செல் மாதிரி உப்பிக் காட்டாது. உள்ளேயிருக்கும் திரவம் கசிந்தால் நகப்பூச்சு போன்ற இனிப்பான வாசம் வரும். அந்த வாசமோ, 'உஸ்' என்ற சத்தமோ, சார்ஜரில் இல்லாதபோதும் தொட்டால் சூடோ இருந்தால் அது பழுது பார்க்கிற பேக் இல்லை. சார்ஜர் போட்டிருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, பேக்கை வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி வெட்டவெளியில் வையுங்கள். தீப்பிடித்துவிட்டால் மண்ணைப் போட்டுச் சுடரை அடக்கலாம், உள்சூடு அடங்காது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவுவதைத் தடுப்பது குளிர்ச்சிதான், அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். புகை விஷம், காற்று வரும் பக்கம் நில்லுங்கள்.

வாசம் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். மோதிரம், வளையல், இரும்புப் பட்டை போட்ட வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மல்டிமீட்டர் புரோபின் நுனியில் இரண்டு மி.மீ. மட்டும் விட்டு மீதிக்கு டேப் சுற்றுங்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர்கள் சேரும் பேலன்ஸ் கனெக்டரின் முனைகள் அவ்வளவு நெருக்கம். புரோப் வழுக்கி இரண்டு முனையைத் தொட்டால் மெல்லிய ஒயர் அந்த நொடியே கருகும்.

பேக்கை இரண்டு மணி நேரம் சும்மா விட்டபின், பி.எம்.எஸ்.ஸிலிருந்து பேலன்ஸ் கனெக்டரை உருவி, பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே அளந்து கொண்டே போங்கள். 10எஸ் பேக்கில் 11 முனை, எனவே 10 அளவு. மைனஸ் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தாளில் எழுதுங்கள். உதாரணமாக:

3.92, 3.92, 3.93, 3.92, 3.91, 3.92, 3.61, 3.92, 3.93, 3.92

கூட்டினால் 38.9 வோல்ட். வெளியே இரண்டு ஒயரில் மட்டும் அளந்தவர் "பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கு, பேக் நல்லாத்தான் இருக்கு" என்பார். ஏழாவது குழு என்ன நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

குழுக்களுக்கிடையே வித்தியாசம் 0.02 வோல்டுக்குள் என்றால் நல்ல பேக். 0.05 வந்தால் கண்காணிக்க வேண்டும். 0.1 தாண்டினால் கோளாறு அங்கேதான், தொடர்ந்து படியுங்கள். இந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். மாதம் ஒருமுறை அளந்து அதே தாளில் எழுதினால், எந்தக் குழு சரிகிறது என்று வண்டி நிற்பதற்கு முன்பே தெரியும்.

"மேட்டில் ஏறும்போது கட் ஆகுது"

டிஸ்பிளேயைக் கவனியுங்கள். டிஸ்பிளே எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் நின்றால் கட் செய்தது கன்ட்ரோலர். 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் பொதுவாக 30, 31 வோல்ட் பக்கம் நிறுத்திவிடும். டிஸ்பிளேயும் சேர்ந்து செத்தால் பி.எம்.எஸ். கட் செய்திருக்கிறது, அல்லது எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது.

அடுத்த கேள்வி: முழுச் சார்ஜிலேயே கட் ஆகிறதா, பாதிக்குக் கீழே போனபின் மட்டுமா? பாதிக்குக் கீழேதான் என்றால் ஒரு குழு பலவீனம். பளு ஏறியதும் அந்தக் குழுவின் வோல்டேஜ் 2.8க்குக் கீழே சரிகிறது, போர்டு நிறுத்துகிறது. பளு போனதும் வோல்டேஜ் மேலே வந்துவிடுவதால்தான் இரண்டு நிமிடத்தில் உயிர் வருகிறது. முழுச் சார்ஜிலேயே கட் ஆனால் வெல்டிங், கனெக்டர், அல்லது போர்டின் ஆம்பியர் வரம்பைச் சந்தேகப்படுங்கள்.

இதை மேட்டில் நின்று அளக்க முடியாது. சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓட்டினால் பளுவே இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டு திராட்டில் கொடுத்தால் கன்ட்ரோலர் போகும். அதற்குப் பதில் கார் மெக்கானிக்கிடம் பழைய 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்ப் ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றை சீரிஸில் கட்டினால் 36 வோல்ட் பளு. ஒரு வரிசை ஏறக்குறைய நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். இரண்டு வரிசையைப் பேரலலாகப் போட்டால் 9 ஆம்பியருக்கு மேல். செங்கல் மேல் வையுங்கள், பல்ப் நன்றாகவே சுடும். 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றை இடையில் போடாமல் இணைக்க வேண்டாம்.

இப்போது பேலன்ஸ் கனெக்டரைத் திரும்ப மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் போர்டு வெளியே மின்சாரமே விடாது. கனெக்டரின் முதுகுப் பக்கம், ஒயர் நுழைகிற ஓட்டையில் புரோபை நுழைத்து ஒவ்வொரு குழுவையும் பளு இல்லாமல் ஒருமுறை, பளுவோடு ஒருமுறை அளந்து வித்தியாசத்தை எழுதுங்கள். நல்ல குழு 0.10 முதல் 0.15 வோல்ட் வரை இறங்கும். எல்லாக் குழுவும் 0.12 இறங்கும்போது ஒன்று மட்டும் 0.16 இறங்கினால், அதில் நான்கு செல்லில் ஒன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதே மின்சாரத்தை மூன்று செல் சுமக்கிறது, எனவே இறக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 0.3க்கு மேல் இறங்கினால் செல்லே தேய்ந்துவிட்டது, அல்லது இணைப்பு மோசம்.

செல்லா, இணைப்பா என்று பிரிக்க மீட்டரை மில்லிவோல்டுக்கு மாற்றுங்கள். பளு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு புரோபைச் செல்லின் உலோகத் தலையிலும் மற்றொன்றை அதன் மேல் ஓடும் நிக்கல் பட்டையிலும் வையுங்கள். நல்ல வெல்டிங்கில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான் வரும். 20 வந்தால் வெல்டிங் மோசம். 100க்கு மேல் காட்டினால் அந்தச் செல் தொடர்பே இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முனையிலும் பாருங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டை மேல் புரோபை அழுத்தினால், விட்டுப்போன வெல்டிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு 'நல்லா இருக்கேன்' என்று பொய் சொல்லும். பட்டையில் தொட்டும் தொடாமலும் வைத்து, அழுத்தத்தைச் செல் மேல் மட்டும் கொடுங்கள்.

விட்ட வெல்டிங்கைச் சரிசெய்ய, பட்டையை மூக்குப் பிளையரில் பிடித்துச் சுருட்டியபடி உரியுங்கள், இழுக்க வேண்டாம். செல் தலையில் நிற்கும் முள்ளை மெல்லிய அரத்தால் தட்டையாக்குங்கள். பிளஸ் தலையின் ஓரத்து ஓட்டைகளில் இரும்புத்தூள் விழாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்பாட் வெல்டிங் மெஷினின் அளவைச் செத்த செல்லில் சோதித்த பிறகே நல்ல செல்லில் வையுங்கள். பட்டையை உரித்துப் பார்த்தால் நிக்கல் கிழிந்து, செல்லில் வெல்டிங் பொட்டு நிற்க வேண்டும். சுத்தமாக உரிந்து வந்தால் வெல்டிங் பிடிக்கவில்லை. செல்லில் ஓட்டை விழுந்தால் அளவு அதிகம். ஒரு முனைக்கு நான்கு முதல் ஆறு பொட்டு.

வெல்டிங் மெஷின் இல்லையென்று செல் மேல் நேராக ஈயம் வைப்பது பலருக்கும் பழக்கம். அந்தச் சூடு பிளஸ் பக்க ரப்பர் வளையத்தையும் உள்ளேயிருக்கும் மெல்லிய தாளையும் கெடுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்துத் தானாகச் சார்ஜ் இறங்கும் குழுவாக வந்து நிற்கும்.

ஓசூர், தளி பக்கம் மார்கழிக் காலையில் மட்டும் கட் ஆகிறது, வெயில் ஏறினால் சரியாகிறது என்றால் பேக்கைக் குறை சொல்ல வேண்டாம். குளிரில் செல்லின் உள் எதிர்ப்பு கூடும், இறக்கமும் கூடும். ஆனால் பத்துக் குழுவும் சமமாக இறங்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கினால் குளிர் ஒரு சாக்குதான்.

"ஒண்ணுமே வரல, மீட்டர்ல ஜீரோ"

இரண்டு இடத்தில் அளங்கள். பேக்கின் பிளஸுக்கும் செல் பக்க மைனஸுக்கும் ஒன்று. பிளஸுக்கும் போர்டிலிருந்து வெளியே போகும் மைனஸுக்கும் ஒன்று. முதலாவது 36, இரண்டாவது பூஜ்யம் என்றால் போர்டு மூடியிருக்கிறது. முதலாவதே பூஜ்யம் என்றால் பியூஸ் அல்லது இரண்டு குழுவை இணைக்கும் சீரிஸ் பட்டை அறுந்திருக்கிறது.

மீட்டர் 17, 22 என்று அரைகுறையாக ஏதாவது காட்டினால் நம்ப வேண்டாம். டிஜிட்டல் மீட்டர் மிகச்சிறிய கசிவையும் வோல்டேஜாகக் காட்டும். பழைய 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை அந்த இரண்டு முனையிலும் சேர்த்துவிட்டு அளங்கள். நிஜ வோல்டேஜ் என்றால் நிற்கும், பேய் வோல்டேஜ் என்றால் பூஜ்யத்துக்கு விழும்.

போர்டு மூடியிருந்தால் காரணம் மூன்றில் ஒன்று. ஒரு குழு குறைவாக இருக்கிறது, தாள் சொல்லிவிடும். அல்லது கன்ட்ரோலரை மாட்டும்போது வந்த பொறியை ஷார்ட் என்று நினைத்துப் போர்டு பூட்டிக்கொண்டது. அல்லது புதுப் போர்டு இன்னும் விழிக்கவில்லை. கடைசி இரண்டுக்கும் சார்ஜரை ஒரு நிமிடம் மாட்டினால் போதும்.

"சார்ஜ் ஏறல" / "உடனே பச்சை விளக்கு வந்துடுது"

சார்ஜரை எதிலும் மாட்டாமல் தனியாக அளங்கள். 42.0 இருக்க வேண்டும். 41 வந்தால் பேக் ஒருநாளும் நிறையாது. 43க்கு மேல் வந்தால் அது லெட் ஆசிட் பேட்டரிக்கான சார்ஜர். பழைய வண்டியின் பேட்டரியை மாற்றிவிட்டு சார்ஜரை மட்டும் அதையே வைத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறு இது. ஒவ்வொரு முறையும் போர்டு வெட்டி நிறுத்திக்கொண்டிருக்கும். போர்டு என்றைக்காவது ஒருநாள் வெட்டத் தவறினால் அப்புறம் வாசம் வரும் பேக்தான்.

சார்ஜர் சரி, ஆனால் பேக் 40 வோல்டிலேயே நின்றுவிடுகிறது. ஒரு குழு 4.25ஐத் தொட்டுவிட்டது, மற்றவை 4.0இல் நிற்கின்றன. போர்டு பேலன்ஸ் செய்யும், ஆனால் ஆமை வேகம். சாதாரணப் போர்டுகளின் பேலன்ஸ் மின்சாரம் 50 மில்லி ஆம்பியர் அளவு. ஒரு ஆம்பியர் அவர் வித்தியாசத்தைச் சரிக்கட்ட 20 மணி நேரம். எனவே சிறிய வித்தியாசம் என்றால் இரண்டு நாள் கண்பார்வையில் சார்ஜரிலேயே விட்டுப் பாருங்கள்.

பெரிய வித்தியாசம் என்றால் குறைந்த குழுவைத் தனியாக ஏற்றுங்கள். டி.பி.4056 என்ற சின்னப் பலகை மலிவாகக் கிடைக்கும். செல்போன் சார்ஜரில் ஓடும், 4.2 வோல்டில் நின்றுவிடும், ஒரு ஆம்பியர் வரை கொடுக்கும். பேலன்ஸ் கனெக்டரை உருவிவிட்டு அந்தக் குழுவின் இரண்டு முனையில் மட்டும் கொடுங்கள். நான்கு செல் குழு 3.6இலிருந்து நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டு குழுவை ஒரே நேரத்தில் ஏற்ற ஆசைப்பட்டு ஒரே செல்போன் சார்ஜரில் இரண்டு பலகையை மாட்டினால் அவற்றின் மைனஸ் வழியாக நடுவிலுள்ள குழு ஷார்ட் ஆகும். ஒரு பலகைக்கு ஒரு சார்ஜர், அல்லது ஒவ்வொன்றாக.

இரண்டு வோல்டுக்குக் கீழே போன குழுவை ஏற்ற வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

சாயங்காலம் மட்டும் சார்ஜர் விளக்கு சிமிட்டுகிறது, விடியற்காலையில் சரியாக ஏறுகிறது என்றால் சார்ஜரின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 180 வோல்டுக்கு மேல் என்று போட்ட சார்ஜர், கடைசிக் கம்பத்து வீடுகளில் தடுமாறும். 90 முதல் 265 வரை என்று போட்டது வாங்குங்கள்.

"பகல்ல ஏறல, ராத்திரி ஏறுது"

சித்திரை, வைகாசியில் வரும் புகார் இது. லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. தருமபுரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் மத்தியானம் நிறுத்திய பேக் அதைத் தாண்டிவிடும். வெப்பச் சென்சார் உள்ள போர்டு சார்ஜை நிறுத்துகிறது, அது அதன் கடமை. ஓட்டு வீட்டுத் திண்ணையில் வைத்துச் சாயங்காலம் போடுங்கள். மாலையிலும் ஏறாவிட்டால் சென்சாரை அளங்கள். பெரும்பாலும் 10 கிலோ ஓம் வகைதான். 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 45இல் ஐந்துக்குப் பக்கம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது. சென்சாரே இல்லாத போர்டில் வெயிலில் தாராளமாகச் சார்ஜ் ஏறும். அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

"ஒரு இடம் மட்டும் சூடாகுது, கனெக்டர் உருகிடுச்சு"

பல்ப் பளுவில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பளுவை எடுத்து, புறங்கையால் தடவிப் பாருங்கள்.

பேக்கின் இரண்டு கோடியில் மட்டும் சூடு என்றால் ஒயர் எடுத்த விதம் தப்பு. குழுவுக்குக் குழு போகும்போது 15 ஆம்பியர் நான்கு பட்டையில் பிரிந்து போகிறது, பட்டைக்கு நான்குக்கும் குறைவு. ஆனால் கடைசிக் குழுவில் ஒரு மூலையிலிருந்து ஒயர் எடுத்தால் மொத்தமும் அந்த ஒரு பட்டையில் வந்து குவிகிறது. 8 மி.மீ. அகலம், 0.15 மி.மீ. தடிமன் உள்ள சுத்த நிக்கல் பட்டைக்கு ஐந்து முதல் ஏழு ஆம்பியர்தான் வசதி. கடைசிக் குழுவின் நான்கு செல்லுக்கும் குறுக்கே 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியை ஓடவிட்டு, பட்டையில் நான்கு இடத்திலும் ஈயம் வைத்து, அதிலிருந்து வெளி ஒயரை எடுங்கள். ஈயம் வைக்கும் இடம் செல் தலைக்கு நேர் மேலே வராமல் இரண்டு செல்லுக்கு இடையே இருக்கட்டும்.

பேக் முழுக்கச் சூடு என்றால் பட்டையே போலியாக இருக்கலாம். நிக்கல் பூசிய இரும்புப் பட்டையைச் சுத்த நிக்கல் என்று விற்பார்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு துண்டைக் கிரைண்டரில் காட்டுங்கள். ஆரஞ்சு நிறப் பொறி பூவாகச் சிதறினால் இரும்பு. அல்லது கத்தியால் கீறி உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள், துரு பிடித்தால் இரும்பு. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்குபவர்கள் சுருளோடு வாங்கும் முன் ஒரு சாண் வாங்கிவந்து சோதித்துவிடுவது நல்லது. ஓசூரிலிருந்து இன்னொரு பஸ் டிக்கெட், நாற்பது செல்லை மறுபடி உரிப்பதைவிட மலிவு.

பேக்கின் வெளி ஒயரில் வரும் எக்ஸ்.டி.60 கனெக்டர் உருகுவது பெரும்பாலும் ஈயம் சரியாக உருகாததால். 25 வாட் அயனில் அந்தத் தடித்த முனை சூடேறாது, 60 வாட்டாவது வேண்டும். ஈயம் மணிமணியாக நின்றால் பிடிக்கவில்லை, வழிந்து ஒயருக்குள் ஊறினால் பிடித்திருக்கிறது. ஈயம் வைக்கும்போது எதிர்ப் பாதியை மாட்டிவைத்தால் பிளாஸ்டிக் இளகி முனை கோணாது. அந்த எதிர்ப் பாதி எதிலும் இணைக்காத தனிக் கனெக்டராக இருக்கட்டும்.

பிளஸ் தலை பக்கம் இன்னொரு கண்ணி இருக்கிறது. செல்லின் விளிம்பும் உடலும் மைனஸ். மேலே ஓடும் பிளஸ் பட்டைக்கும் அந்த விளிம்புக்கும் இடையே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. நம் ஊர் ஜல்லி ரோட்டு அதிர்வில் அது தேய்ந்தால் செல் நேராக ஷார்ட். ஒவ்வொரு பிளஸ் தலையிலும் மின்சாரம் கடத்தாத பார்லி பேப்பர் வளையம் ஒட்டாத பேக்கைத் திறக்க நேர்ந்தால், வேறு எந்தக் கோளாறுக்காகத் திறந்திருந்தாலும் அதை முதலில் முடியுங்கள்.

"முன்ன மாதிரி தூரம் வரல"

முழுச் சார்ஜிலிருந்து இரண்டு பல்ப் வரிசையில் விட்டு, போர்டு கட் செய்யும் வரை நேரம் பாருங்கள். ஒன்பது ஆம்பியர் பளுவில் 10.4 ஆம்பியர் அவர் பேக் ஒரு மணி நேரத்தைத் தொட வேண்டும். 40 நிமிடத்தில் நின்றால், நின்ற உடனே குழுக்களை அளங்கள். ஒன்று மட்டும் 2.9, மற்றவை 3.5 என்றால் அந்தக் குழு மட்டும்தான் பாக்கியைச் சாப்பிடுகிறது. எல்லாம் சமமாக இறங்கியிருந்தால் செல்லே அவ்வளவுதான்.

புது பேக்கிலேயே இப்படி என்றால் செல் போலி. 18650 அளவில் 3500 எம்.ஏ.ஹெச். பக்கம்தான் உச்சம். 9900 என்று அச்சடித்த செல் பொய். நகைத் தராசில் நிறுங்கள். நல்ல 2600 செல் 45 கிராம் பக்கம் நிற்கும், 35 கிராமில் நின்றால் உள்ளே காற்று. லேப்டாப்பில் உரித்த செல்கள் டார்ச்சுக்கும் பவர்பேங்குக்கும் சரி. வயது வெவ்வேறான அவற்றை ஒரே பேக்கில் கலந்தால் மேலே சொன்ன எல்லா அறிகுறியும் ஒவ்வொன்றாக வரும்.

"சும்மா வச்சிருந்தாலே இறங்குது"

பேலன்ஸ் கனெக்டரை உருவிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். குழு இறங்கவில்லையென்றால் குற்றவாளி போர்டு, அதன் பேலன்ஸ் சுற்று மூடாமல் தின்றுகொண்டிருந்தது. போர்டை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இது. உருவிய பிறகும் இறங்கினால் செல். அந்தக் குழுவின் பட்டையை வெட்டி நான்கையும் தனித்தனியாக ஒரு வாரம் வையுங்கள். மற்ற மூன்றைவிட 30 மில்லிவோல்ட் அதிகம் இறங்கியது எதுவோ அதுதான். அதை மட்டும் எடுத்துவிட்டுப் புத்தம்புதுச் செல்லைச் சொருகினால் பழைய மூன்றோடு ஒத்துப்போகாது. அதே வயதுடைய, அதே கொள்ளளவு காட்டும் செல்லைத் தேடுங்கள். இணைப்பதற்கு முன் நான்கின் வோல்டேஜும் 0.02க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்த்த நொடியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மின்சாரம் பாயும்.

"புதுப் போர்டு மாட்டினதும் புகைஞ்சிடுச்சு"

பேலன்ஸ் ஒயர் வரிசை மாறியிருக்கிறது. கனெக்டரைப் போர்டில் சொருகும் முன், கருப்புப் புரோபை முதல் முனையில் நிலையாக வைத்துச் சிவப்பை ஒவ்வொரு முனையாக நகர்த்துங்கள். 3.7, 7.4, 11.1 என்று படிப்படியாக ஏறி 37இல் முடிய வேண்டும். எங்காவது இறங்கினாலோ ஒரு படி தாண்டினாலோ நிறுத்துங்கள். தடித்த மைனஸ் ஒயரை முதலில் போர்டில் ஈயம் வைத்துவிட்டு, கனெக்டரைக் கடைசியாகச் சொருக வேண்டும். கழற்றும்போது தலைகீழ். பழைய போர்டின் ஒயர் நன்றாக இருக்கிறதே என்று அதையே புதுப் போர்டில் சொருக வேண்டாம். கனெக்டர் ஒரே மாதிரி இருந்தாலும் முனை வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

"மாட்டும்போது பொறி பறக்குது"

கோளாறு இல்லை. கன்ட்ரோலரின் கெபாசிட்டர் ஒரே மூச்சில் நிறைகிறது. ஆனால் கனெக்டர் முனை தினமும் கொஞ்சம் கருகும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இரண்டு நொடி தொட்டுவிட்டுப் பிறகு மாட்டுங்கள், அல்லது பொறி தடுக்கும் எக்ஸ்.டி.90 வகைக்கு மாறுங்கள்.

"இறக்கத்தில் அணைஞ்சிடுது"

கியர் இல்லாத ஹப் மோட்டாரில், பிரேக் பிடித்தால் பேட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் வசதி இருந்தால் மட்டும் வரும். ஓசூர் பக்கம் முழுச் சார்ஜ் போட்டுவிட்டு மேலுமலை இறக்கத்தில் கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுகிற கதை. போர்டு கட் செய்யும், அந்த நேரத்து வோல்டேஜ் எகிறல் கன்ட்ரோலரைப் பதம் பார்க்கும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது 40 வோல்டோடு கிளம்புங்கள்.

"மழைக்கு அப்புறம் ஒரு மாதிரி இருக்கு"

பேலன்ஸ் கனெக்டரில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, அளந்த பிறகே சார்ஜ் போடுங்கள். பெட்டியின் மேல்பக்கத்தை அடைத்து ஒயர் வரும் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். ஓட்டையை அடைக்க வினிகர் வாசம் வரும் சிலிகான் வேண்டாம், அந்த ஆவி செம்பையும் ஈயத்தையும் அரிக்கும். வாசமில்லாத நியூட்ரல் வகை தனியாகக் கிடைக்கிறது.

வேலை முடிந்ததும்

முதல் சார்ஜ் வெட்டவெளியில், பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. அரை மணிக்கு ஒருமுறை பத்துக் குழுவையும் அளந்து எழுதுங்கள். எந்தக் குழுவாவது 4.22ஐத் தாண்டினால் சார்ஜரை நிறுத்துங்கள். நிறைந்த பின் ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் மறுபடி அளங்கள். பிறகு பல்ப் பளுவில் ஒரு முழு இறக்கம். இறக்க வித்தியாசம் பத்தும் ஒத்துப்போனால் பெட்டியை மூடலாம், அன்றைக்கே ஒகேனக்கல் மேட்டில் சோதிக்க வேண்டாம். ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டிவிட்டு, தாளில் இன்னொரு வரிசை எழுதிய பிறகு போங்கள்.

எடுத்துப் போட்ட செல்களின் இரண்டு தலையிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அழுத்தும்போது தீப்பிடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி சேகரிப்பவர்களிடமோ, அங்கீகாரம் பெற்ற மின்கழிவுக் கடையிலோதான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை அந்த டப்பா இருக்க வேண்டிய இடம் தகர ஷெட் இல்லை.